தவக்காலத்தில் ஓயும் பொத்தான்

சாம்பல் புதன் வந்துவிட்டால் மன்னார்க் கரையோரக் கோயில்களில் கீபோர்ட் வாசிப்பவர் ஒரு பொத்தானை மறந்துவிட வேண்டும். யமஹா கருவிகளில் அதன்மேல் 'ஏசிஎம்பி' என்று எழுதியிருக்கும். இடக்கை விரல்கள் எந்தச் சுரங்களை அமுக்குகின்றன என்று பார்த்து, அதற்கேற்ப டிரம், பேஸ், கிற்றார், வயலின் கூட்டம் எல்லாவற்றையும் கருவியே வாசிக்கச் செய்யும் பொத்தான் அது. தவக்காலத்தில் இசைக்கருவி பாடுவோரின் குரலைத் தாங்குவதற்கு மட்டுமே ஒலிக்கலாம் என்பது கத்தோலிக்க வழிபாட்டு ஒழுங்கு. ஆகவே அந்த நாட்களில் ஓகன் ஒலி மட்டும்தான். தாளம் இல்லை, பேஸ் இல்லை. பெரிய சனிக்கிழமை இரவு, மெழுகுதிரி வெளிச்சத்தில் வானவர் கீதம் தொடங்கி மணிகள் எல்லாம் ஒன்றாக அடிக்கும்போது அந்தப் பொத்தானின் விளக்கு மறுபடி எரியும். இருட்டுக்குள் உட்கார்ந்திருந்த ஒரு முழு வாத்தியக்குழு எழுந்து நின்றதுபோல் இருக்கும். சின்ன வயதில் எனக்கு அது உயிர்ப்பின் சத்தமாகவே கேட்டது.

பதின்மூன்று வயதில் அந்தக் கருவியின் முன்னால் முதன்முதல் உட்கார்ந்தபோது, எனக்குக் கற்றுத் தந்த அண்ணன் சொன்ன முதல் பாடம் இது: "தம்பி, கோர்ட் மாத்தேக்க, தட்டு விழுறதுக்கு ஒரு மயிரிழை முந்தி விரல வை. மிஷின் உனக்காகக் காத்துக்கொண்டு நிக்காது."

இந்த வகைக் கருவிக்கு உலகச் சந்தையில் அரேஞ்சர் கீபோர்ட் என்று பெயர். அது இனி எங்கே போகும் என்ற கேள்வியை நான் அண்ணனின் அந்த வார்த்தையிலிருந்துதான் பார்க்கிறேன். மிஷின் காத்து நிற்கப் பழகுமா? வாசிப்பவனின் விரலை மட்டுமல்ல, பாடுபவனை, ஆடுபவனை, இந்தக் கரையின் தாளத்தைக் கேட்கப் பழகுமா?

தானாக வாசிக்கும் தாளத்தின் கதை பழையது. 1959இல் அமெரிக்காவின் வுர்லிட்சர் நிறுவனம் 'சைட்மேன்' என்றொரு பெட்டியை விற்றது. உள்ளே மோட்டார் சுழற்றும் ஒரு வட்டு. வட்டில் பதித்த மின்தொடுப்புகள் சுழன்று வரும்போது ஒவ்வொன்றும் ஒரு தாள ஒலியைத் தட்டி எழுப்பும். வால்ட்ஸ் வேண்டுமா, ரும்பா வேண்டுமா என்று தேர்ந்துகொள்ளலாம். வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஓகன் வாசிப்பவர் எந்தச் சுருதியில் இருக்கிறார் என்பது அந்த வட்டுக்குக் கவலையில்லை. டிரம்முக்குச் சுருதி தேவையில்லை என்பதால் அது போதுமானதாக இருந்தது.

பேஸும் கிற்றாரும் சேர வேண்டுமென்றால் கருவிக்கு இடக்கை தெரிய வேண்டும். 1980களில் கசியோவும் யமஹாவும் வீட்டுக்கு வாங்கும் விலையில் அதைச் செய்து காட்டின. யமஹாவின் ஒற்றை விரல் முறையில் 'சி' கட்டையை மட்டும் அமுக்கினால் சி மேஜர். அதோடு இடப்பக்கத்துக் கறுப்புக் கட்டை ஒன்றைச் சேர்த்தால் சி மைனர். வெள்ளைக் கட்டையைச் சேர்த்தால் சி செவன்த். எத்தனையோ ஊர்களில் சங்கீத வாத்தியார் இல்லாமலே பிள்ளைகள் வாசிக்கத் தொடங்கியது இப்படித்தான். நானும் அந்தப் பிள்ளைகளில் ஒருவன்.

உள்ளே நடப்பது மாயமில்லை, ஆனால் அழகானது. 'ஸ்டைல்' என்று நாங்கள் சொல்லும் ஒவ்வொன்றும் ஒரு சிறு கோப்பு. யமஹா வகையில் அதில் எட்டுப் பகுதிகள் உண்டு: தாளம் இரண்டு, பேஸ் ஒன்று, கோர்ட் இரண்டு, பின்னணியில் நீண்டு ஒலிக்கும் பேட் ஒன்று, இடையிடையே வரும் சிறு மெட்டுகள் இரண்டு. தொழிற்சாலையில் இருக்கும் இசைஞர்கள் இவற்றை ஒரே ஒரு கோர்ட்டில், வழமையாக சி மேஜர் செவன்த்தில், வாசித்துப் பதிவார்கள். நீங்கள் எஃப் அமுக்கினால் கருவி அந்தச் சுரங்களை எஃப்புக்கு நகர்த்த வேண்டும். எல்லாவற்றையும் ஒரே அளவு தூக்கி வைத்தால் என்ன கேடு? பேஸுக்குக் கேடில்லை. சி, ஜி என்று வாசித்த பேஸ் எஃப், சி என்று வாசிக்கும். கிற்றாருக்கு அது பொருந்தாது. சி, ஈ, ஜி பிடித்த கிற்றார்க்காரன் எஃப்புக்குப் போகும்போது கையை மேலே தாவவிட மாட்டான். சி சுரத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஈயை எஃப்புக்கும் ஜியை ஏக்கும் நகர்த்துவான். ஆகவே ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு கட்டளைகள் எழுதப்பட்டிருக்கின்றன. வேர்ச்சுரத்தோடு சேர்ந்து நகர்வதா, அருகிலிருக்கும் சுரத்தைத் தேடுவதா என்பது ஒன்று. எந்த அட்டவணைப்படி சுரத்தை மாற்றுவது என்பது மற்றது. டிரம் பகுதிக்கு 'ஒன்றையும் தொடாதே' என்ற கட்டளை. கட்டை அமுங்கிய சில மில்லி விநாடிகளுக்குள் எட்டுப் பகுதிகளும் தத்தம் கட்டளைப்படி இடம் மாறிவிடும். அதனால்தான் அண்ணன் மயிரிழை முந்தச் சொன்னார். தட்டு விழும்போது விரல் வராவிட்டால் பேஸ் பழைய கோர்ட்டின் சுரத்தை அடித்துவிட்டுப் போய்விடும்.

இந்த ஏற்பாடு முழுவதும் ஓர் அனுமானத்தின்மேல் நிற்கிறது: பாட்டென்றால் அதன் அடியில் கோர்ட் ஓடும், கோர்ட் மாறினால்தான் பாட்டு நகரும். ஐரோப்பியப் பாட்டுக்கும், அங்கிருந்து வந்த ஆலயக் கீர்த்தனைகளுக்கும், சினிமாப் பாட்டில் பெரும்பகுதிக்கும் இது சரி. எங்கள் கரையில் இன்னொரு இசை இருக்கிறது.

மன்னாரின் கத்தோலிக்கக் கூத்து நூற்றாண்டுகள் பழையது. இரண்டு இரவு நீளும் நாடகம் உண்டு, ஓரிரவில் முடியும் வாசாப்பு உண்டு. மாதோட்டப் பாங்கென்றும் யாழ்ப்பாணப் பாங்கென்றும் பாடும் முறையில் வேறுபாடு உண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மூவிராசாக்கள் நாடகம், ஞானசவுந்தரி நாடகம் முதலிய ஏடுகளைப் பதிப்பித்துத் தந்ததால் சொற்கள் தப்பின. மேடையில் அந்தச் சொற்களை நடத்துவது கூத்தைப் பழக்கும் ஆசானான அண்ணாவியாரும் மத்தளமும் தாளமும். நடிகர் தரு என்னும் கூத்துப் பாட்டொன்றைப் பாடுவார், பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவார். அடியில் ஓடுவது ஒரே ஆதார சுருதி. கோர்ட் என்ற ஒன்றுக்கு அங்கே இடமே இல்லை.

இப்படியொரு தருவைக் கீபோர்ட்டில் வாசிக்கத் தொடங்குகிற பிள்ளை வழமைபோல சி மேஜரை அமுக்குவான். அந்தக் கோர்ட்டுக்குள் ஈ இருக்கிறது, அதாவது அந்தர காந்தாரம். மெட்டில் வருவதோ சாதாரண காந்தாரம். இரண்டும் அரைச்சுரம் தள்ளி நின்று ஒன்றையொன்று கடிக்கும். பிள்ளை மைனருக்கு மாற்றுவான். அடுத்த வரியில் மெட்டு வேறிடம் போகும், மறுபடி கடிக்கும். கடைசியில் 'இந்தப் பாட்டுக்கு ஸ்டைல் சரிவராது' என்று விட்டுவிடுவான்.

வழி இருக்கிறது. கருவியின் கையேட்டில் கோர்ட் அட்டவணையின் ஓரத்தில், யாரும் கவனிக்காத இடத்தில், அது கிடக்கிறது. மூன்றாம் சுரத்தை விட்டுவிட்டு 'சி'யும் 'ஜி'யும் மட்டும் அமுக்கினால் யமஹா அதை ஒன்றும் ஐந்தும் என்ற தனி வகையாக அறிந்துகொள்ளும். பேஸ், கிற்றார், பேட் எல்லாம் ச, ப இரண்டில் மட்டும் நிற்கும். காந்தாரம் எங்கும் ஒலிக்காது. கருவி ஒரு பெரிய தம்புராவாகிவிடும். இதைக் கண்டுபிடித்த அன்று நான் இரவு வெகுநேரம் வாசித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் திட்டு வாங்கினேன். இது தெரிந்த வாசிப்பாளருக்கு அரேஞ்சர் வேறொரு கருவி.

சுரத்துக்கு வழி உண்டு. தாளம்தான் கடினம்.

பைலாவை எடுத்துக்கொள்வோம். 'நடனமாடு' என்று பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்த பெயர். போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரைப் பிடித்து, 1658இல் ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். அவர்களோடும் அவர்கள் கொண்டுவந்த ஆப்பிரிக்கரோடும் இலங்கைக் கரைக்கு வந்த ஆறெட்டு (6/8) தாளம் இன்னும் போகவில்லை. எங்களுக்குத் தெற்கே புத்தளத்துச் சிறாம்பியடியில் ஆப்பிரிக்க வம்சாவழியினர் பாடும் பாட்டு இந்தத் தாளத்துக்கு உறவு. வாலி பஸ்தியான் சிங்களத்தில் அதை மேடையேற்றினார். நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் தமிழில் துள்ளிசையாகப் பாடி, பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கமும் கேட்க வைத்தார்கள். மன்னாரில் கலியாண வீடென்றால் இரவு பத்து மணிக்குப் பிறகு கேட்பது இந்த ஆறெட்டுத்தான்.

ஆறெட்டு ஸ்டைல் எல்லாக் கருவியிலும் இருக்கிறது. ஆனால் அதைப் போட்டால் கலியாண வீட்டில் யாரும் எழும்பி ஆடுவதில்லை. ஏன்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் ஒரு தட்டு அரை விநாடி. ஒவ்வொரு தட்டுக்குள்ளும் மூன்று சிறு அடிகள், ஒவ்வொன்றும் 167 மில்லி விநாடி. தொழிற்சாலை ஸ்டைல் பலவற்றில் இந்த ஆறு அடிகளும் கோடு கிழித்ததுபோல் சம தூரத்தில் விழும். கைதேர்ந்த டிரம்காரரின் கையில் அப்படி விழாது. ஓர் அடி பத்து மில்லி விநாடி பிந்தும், இன்னொன்று இருபது முந்தும். அதோடு பைலாவில் கிற்றாரோ பேஸோ அந்த ஆறையே இரண்டிரண்டாக மூன்று கூறாக்கி வாசிக்கும்போது, டிரம் மூன்று மூன்றாக இரண்டு கூறாக்கி அடிக்கும். மூன்றுக்கும் இரண்டுக்கும் நடக்கும் அந்த இழுபறிதான் இடுப்பை அசைக்கிறது. அந்தச் சிறு முந்தலும் பிந்தலும் போனால் இழுபறியும் போய்விடும்.

கருவியால் இது முடியாது என்று நினைக்க வேண்டாம். மின்னிசைக் கருவிகளின் மிடி முறையில் ஒரு கால் சுரத்தை, அதாவது நம் ஆறெட்டில் இரண்டு சிறு அடிகளின் நீளத்தை, 480 துளிகளாகப் பிரிப்பது சாதாரணம். நாம் எடுத்த வேகத்தில் ஒரு துளி 0.7 மில்லி விநாடிக்கும் குறைவு. மனிதக் கையின் நுட்பத்தைவிடக் கருவியின் கட்டம் பல மடங்கு நுண்ணியது. குறை கட்டத்தில் இல்லை, கட்டத்துக்குள் யாருடைய கை பதிந்திருக்கிறது என்பதில் இருக்கிறது. பதிந்த பிறகு அடிகளைக் கோட்டுக்கு இழுத்துச் சீராக்கும் வசதி ஒன்று உண்டு. குவாண்டைஸ் என்பார்கள். அவசரத்தில் அதை அமுக்கிவிட்டால் பைலா பள்ளிக்கூட அணிவகுப்பாகிவிடும்.

ஒரு கருவிக்குள் பதிந்த ஒரு கை ஒரு தீவின் இசையையே மாற்றியதும் உண்டு. 1980இல் கசியோவில் சேர்ந்த ஒகுடா ஹிரோகோ என்ற இளம்பெண், எம்டி-40 என்ற சிறிய கீபோர்ட்டுக்கான தாளங்களை அமைத்தார். அதில் 'ராக்' என்று பெயரிட்ட ஒன்றை 1985இல் ஜமேக்காவில் வெய்ன் ஸ்மித்தும் கிங் ஜாமியும் எடுத்து ஒரு பாட்டாக்கினார்கள். அன்றிலிருந்து ஜமேக்காவின் ரெகே கணினித் தாளத்துக்கு மாறியது. எனக்கு அந்தக் கதை பிடிக்கும். ஆனாலும் அதில் ஒன்று உறுத்துகிறது. தாளம் ஜப்பானிலிருந்து தீவுக்கு வந்தது. தீவிலிருந்து கருவிக்குள் போகும் பாதை அன்று திறக்கவில்லை.

1988இல் இரண்டு கருவிகள் வந்தன. கோர்க் நிறுவனத்தின் எம்1, வொர்க்ஸ்டேஷன் என்ற வகையை நிலைநிறுத்தியது. ஒலிகள், பல தடங்களில் பதியும் சீக்வென்சர், எஃபெக்ட்ஸ் எல்லாம் ஒரே பெட்டியில். பாட்டை உட்கார்ந்து கட்டுகிறவனுக்கான கருவி அது. அதே ஆண்டில் ரோலண்ட் ஈ-20 வந்தது, இடக்கையைப் பின்தொடரும் அரேஞ்சர். மேடையில் நின்று உடனே வாசிக்கிறவனுக்கானது. இரண்டு வகைக்கும் இடையே வெகுகாலம் ஒரு சாதி வேறுபாடே இருந்தது. வொர்க்ஸ்டேஷன் வைத்திருப்பவர் கலைஞர், அரேஞ்சர் வைத்திருப்பவர் பொத்தான் அமுக்குபவர் என்று. அது தவறான மதிப்பீடு என்பதைக் காலம் காட்டிவிட்டது. பாட்டைக் கட்டும் வேலையைக் கணினி எடுத்துக்கொண்டது. 2016இல் வந்த யமஹா மொன்டாஜ், முன்னோடியான மோட்டிஃப் வரிசையில் இருந்த முழுச் சீக்வென்சரையே விட்டுவிட்டு எளிய பதிவு வசதியோடு வந்தது. அரேஞ்சரின் வேலையைக் கணினியால் அவ்வளவு எளிதில் எடுக்க முடியவில்லை. பாடகர் சுருதி மாறுகிறார், சரணத்தைத் திரும்பப் பாடுகிறார், குருவானவர் இன்னும் நற்கருணை கொடுத்து முடிக்கவில்லை என்பதால் பாட்டை நீட்ட வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் திரையில் எலியை நகர்த்த நேரமில்லை. விரலுக்குத் தெரிந்த பொத்தான் வேண்டும்.

அரேஞ்சருக்கு இன்னொரு பலமும் உண்டு. 2022 மார்ச்சில் இலங்கை முழுவதும் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின்வெட்டு வந்தது. ஆறு பற்றரியில் இயங்கும் சின்ன அரேஞ்சர் கீபோர்ட்டுகள் அன்று எத்தனை வழிபாட்டைத் தாங்கின என்பதைக் கரையோரக் கோயில்களில் கேட்டால் சொல்வார்கள். ஒரே பெட்டி, குறைந்த மின்சாரம், போட்டவுடன் ஒலிக்கும். இனி வரும் கருவியும் இதை விட்டுவிடக் கூடாது. கடற்காற்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஒவ்வொரு கட்டையின் அடியிலும் கரி தடவிய இரண்டு ரப்பர்த் தொடுப்புகள் உண்டு. முதலாவது தொட்டதற்கும் இரண்டாவது தொட்டதற்கும் உள்ள நேர இடைவெளியை அளந்துதான் நீங்கள் மெல்ல அமுக்கினீர்களா வேகமாக அமுக்கினீர்களா என்று கருவி அறிகிறது. உப்புக்காற்று முதலில் கைவைப்பது இந்தக் கரிப் பூச்சில். சில கட்டைகள் ஒலிக்காது, சில கத்தும். பெட்டியைக் கழற்றி, மெல்லிய துணியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து ஊர்ப் பெடியன்களே சரிசெய்துவிடுவார்கள். கழற்ற முடிகிற கருவி எங்களுக்கு முக்கியம்.

இப்போது செயற்கை நுண்ணறிவுக்கு வருவோம். 'இனி ஸ்டைல் எதற்கு, கருவியே வாசித்துக்கொள்ளும்' என்ற பேச்சு எங்கும் கேட்கிறது. 2025 ஜூனில் கூகுளின் மஜென்டா குழு, நேரலையாக இசையை உண்டாக்கும் ஒரு மாதிரியை வெளியிட்டது. கடந்த பத்து விநாடி இசையைக் கேட்டு அடுத்த இரண்டு விநாடியை அது உருவாக்கும். இப்படி இரண்டிரண்டு விநாடித் துண்டுகளாகத் தொடர்ந்து போகும். வியக்க வேண்டிய சாதனை. ஆனால் நம் ஆறெட்டுக் கணக்கில் இரண்டு விநாடி என்றால் நான்கு தட்டு, இரண்டு முழு ஆவர்த்தனம். நான் கோர்ட்டை மாற்றி இரண்டு ஆவர்த்தனம் கழித்துப் பேஸ் மாறினால் பாடகர் குழாம் என்னைத் திரும்பிப் பார்க்கும். பழைய ஸ்டைல் முறை சில மில்லி விநாடியில் மாறிவிடுகிறது. ஆகவே இரண்டும் கலந்த ஒன்றைத்தான் நான் எதிர்பார்க்கிறேன். அடுத்த சில ஆவர்த்தனங்களுக்கான வடிவத்தை நுண்ணறிவு முன்கூட்டியே எழுதித் தரும், கோர்ட்டுக்கேற்பச் சுரத்தை நகர்த்தும் வேலையைப் பழைய அட்டவணையே செய்யும். கணினியில் இதற்கு அருகில் வந்துவிட்டார்கள். ஆப்பிளின் லாஜிக் மென்பொருளில் 2013இல் வந்த டிரம்காரரோடு 2024இல் பேஸ், கீபோர்ட் வாசிப்பாளர்களும் சேர்ந்தார்கள்.

அதைவிட நான் ஆவலோடு காத்திருப்பது வேகத்தைப் பின்தொடரும் கருவிக்கு. கூத்தில் அண்ணாவியார் ஆடுபவரின் காலைப் பார்த்துத் தாளத்தை இறுக்குவார், தளர்த்துவார். அரசன் கோபத்தோடு மேடைக்கு வரும்போது ஒரு வேகம், அவனே மனமுடையும்போது வேறொன்று. அரேஞ்சரில் 120 என்று வைத்தால் 120தான். வாசிப்பவரைக் கேட்டுப் பின்தொடரும் கணினி பற்றிய ஆய்வுகளை 1984இலேயே ரொஜர் டானன்பெர்க்கும் பெரி வெர்கோவும் தனித்தனியே வெளியிட்டார்கள். 2021இல் ஏபிள்டன் லைவ் மென்பொருளின் பதினோராம் பதிப்பு, மைக்கில் வரும் தாளத்தைக் கேட்டுத் தன் வேகத்தை அதற்கேற்ப நகர்த்தும் வசதியோடு வந்தது. அது கீபோர்ட்டுக்குள் சாதாரணமாக இருக்க வேண்டும். மத்தளத்துக்கு அருகே ஒரு மைக், அதன் வயர் கருவிக்கு. அண்ணாவியார் இறுக்கினால் கருவியும் இறுகட்டும். அன்றைக்கு மிஷின் காத்து நிற்கும்.

நுண்ணறிவிலும் கை யாருடையது என்ற கேள்வி போகவில்லை, பெரிதாகிவிட்டது. 2019இல் அதே மஜென்டா குழு தாளம் கற்பிப்பதற்காக ஒரு பதிவுத் தொகுப்பை வெளியிட்டது. பத்து டிரம்காரர்கள், 13.6 மணிநேர வாசிப்பு. அடிகளின் முந்தலும் பிந்தலும் அப்படியே காக்கப்பட்ட அருமையான தொகுப்பு. அதில் பெரும்பகுதி நான்குக்கு நான்கு, மேலைநாட்டு டிரம் செட். அதில் படித்த மாதிரிக்கு எங்கள் மத்தளம் எப்படித் தெரியும்? கேளாத ஒன்றை அதனால் வாசிக்க முடியாது.

கேட்க வைத்தவர்கள் இருக்கிறார்கள். அரபு நாட்டுக் கலியாண வாசிப்பாளர்கள் காற்சுரம் இல்லாமல் எங்களால் வாசிக்க முடியாது என்று நின்றார்கள். இன்று யமஹாவின் ஏ3000, ஏ5000, கோர்க்கின் ஓரியண்டல் பதிப்புகள் அரைச்சுரத்தில் பாதியை, அதாவது ஐம்பது செண்டை, ஒரே பொத்தானில் இறக்கித் தருகின்றன. சிரியாவின் ரிசான் சையத் இப்படியொரு கீபோர்ட்டில் ஊர்ப்புறத் தப்கே ஆட்டத்தின் குழலோசையை வாசித்து உலக மேடைகளுக்குக் கொண்டுபோனார். இந்தியச் சந்தைக்காக யமஹா 'ஐ' வரிசையைத் தபேலா, தம்புரா ஒலிகளோடு செய்கிறது. 2019 முதல் சென்னைக்கு அருகிலேயே தொழிற்சாலையும் நடத்துகிறது. தலைமன்னார் முனையிலிருந்து தனுஷ்கோடி கூப்பிடு தூரம். ஆனால் அந்த இந்திய ஸ்டைல்களில் பாங்கரா இருக்கும், கர்பா இருக்கும். எங்கள் பைலாவும் கூத்தும் அவற்றுக்குள் இல்லை. நாம் சின்னச் சந்தை. நிறுவனம் தேடி வரும்வரை இருந்தால் நம் அண்ணாவிமார் இருக்கமாட்டார்கள்.

அதற்குக் காத்திருக்கவும் தேவையில்லை. நடுத்தர விலைக்கு மேற்பட்ட அரேஞ்சர் பலவற்றில் ஸ்டைலை நாமே உண்டாக்கும் பகுதி இருக்கிறது. பெரும்பாலானோர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. செய்ய வேண்டியது இவ்வளவுதான். தாள அளவை ஆறெட்டுக்கு வைத்து, எட்டு ஆவர்த்தன நீளம் கொடுத்து, தாளப் பகுதியில் மட்டும் கையால் அடித்துப் பதிய வேண்டும். குவாண்டைஸைத் தொடக் கூடாது. மத்தளத்தின் ஒலியையே பதிந்து ஏற்ற மேல்நிலைக் கருவிகளில் முடியும். மற்றவற்றில் தபேலா, மிருதங்கம், கொங்கா ஒலிகளில் நெருங்கியவற்றைத் தேர்ந்து ஐந்தாறு கட்டைகளில் பிரித்து வைத்துக்கொள்ளலாம். வலந்தலையின் கூர்மைக்கு ஒன்று, இடந்தலையின் ஆழத்துக்கு ஒன்று, மூடிய அடிக்கு ஒன்று என்று. மத்தளக்காரருக்குக் கட்டையில் அடிப்பது முதல் அரைமணிநேரம் கூச்சமாக இருக்கும். பிறகு விரல் பழகிவிடும். இல்லாவிட்டால் அவர் மத்தளத்திலேயே வாசிக்கட்டும். கைபேசியில் பதிந்து, அதைக் கேட்டுக் கேட்டு ஒரு பெடியன் கட்டையில் ஏற்றட்டும். பேஸ் பகுதிக்கு ச, ப இரண்டும் போதும். மன்னார் எருக்கலம்பிட்டி முஸ்லிம்களின் றபான் என்னும் தோற்கருவிக்கும் இதே வழிதான்.

ஒரு ஸ்டைல் கோப்பின் அளவு சில பத்துக் கிலோபைட். வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்புவதைவிடக் குறைவு. மன்னார்ப் பேசாலையில் பதிந்ததை அன்றிரவே அதே வகைக் கருவி வைத்திருக்கும் டொரன்டோப் பிள்ளை போட்டு வாசிக்கலாம். நாளை நுண்ணறிவுக்குத் தாளம் கற்பிக்க யாராவது வந்தால் கொடுக்கவும் நம்மிடம் ஏதாவது இருக்கும்.

வருகிற தவக்காலத்தில் உங்கள் கோயிலின் ஏசிஎம்பி பொத்தான் வழமைபோல நாற்பது நாள் ஓய்ந்திருக்கும். ஓகன் ஒலிக்கு மேல் கீபோர்ட்டுக்கு வேலை இருக்காது. ஊரில் மத்தளம் அடித்த ஒருவர் இன்னும் இருக்கிறார் என்றால், ஒரு பின்னேரம் கருவியை அவர் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். அவரைப் பக்கத்தில் இருத்தி, எட்டு ஆவர்த்தனம் பதிந்து, யுஎஸ்பியில் சேமித்து, கோப்புக்கு அவர் பெயரையே வையுங்கள்.